உலோகத் தகட்டில் எழுத்து: தீவகத்தின் உப்புக்காற்றும் மேற்பரப்புப் பாதுகாப்பும்

நயினாதீவிலுள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) தமிழ்ச் சாசனம், ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் பிறநாட்டு வணிகருக்குப் பாதுகாப்பு வழங்குவது. உடைந்த மரக்கலங்களின் பொருளில் அரசுக்கும் உரியவருக்குமுள்ள பங்கை வரையறுப்பது. கா. இந்திரபாலா 1963 இல் பதிப்பித்த இச்சாசனம், அவ்வாணை கல்லிலும் செம்பிலும் பொறிக்கப்பட்டதெனக் கூறுகின்றது. இன்று நாம் வாசிப்பது கல்லையே. எழுத்து அழியின் அதனாற் பெற்ற உரிமையை நிறுவுதலும் அரிதாகும்.

இன்று துறைமுக அறிவித்தல்களும் பெயர்ப்பலகைகளும் அலுமினியத் தகட்டில் ‘இங்க்ஜெட்’ முறையில் அச்சிடப்படுகின்றன. உளி உலோகத்தினுட் செல்வது. மைத்துளியோ மேலே படிவது. கடதாசி மையை உறிஞ்சும், உலோகம் உறிஞ்சாது. ஆகவே, அச்சின் ஆயுளை நிருணயிப்பது மையினும் மேற்பரப்பே எனலாம்.

அலுமினியத்தை இயல்பாகக் காப்பது அதன் மெல்லிய ஒட்சைட்டுப் படலம். கடற்காற்றிலுள்ள குளோரைட்டு அப்படலத்தைத் துளைத்துக் குழியரிப்பை உண்டாக்குகின்றது. கைவிரலின் வியர்வையிலும் உப்பும் எண்ணெயும் உள. இவற்றின்மீது அச்சிடின், மை சில காலத்திற் கொப்புளித்து உரியும்.

எனவே, தகட்டை வெட்டுதலும் துளையிடுதலும் அச்சுக்கு முன்னரே முடிதல் வேண்டும். வெட்டு விளிம்பின் பிசிறுகளை அராவி நீக்குக. காப்புத்தாளை இறுதிவரை உரியாது வைத்து, உரித்தபின் கையுறை அணிந்தே தகட்டைத் தொடுக. உப்புப் படிந்திருப்பின் நன்னீராற் கழுவி உலர்த்தி, ஐசோபுரோப்பைல் அற்ககோல் தோய்த்த மென்துணியால் துடைத்து, மைக்கேற்ற அடிப்பூச்சு இடுக. உரத்த தேய்ப்பான் கீறலையே தரும்.

அச்சுத்தலைக்கும் தகட்டுக்கும் இடைவெளி சில மில்லிமீற்றரே. வளைந்த தகடு அச்சுத்தலையில் உரசினால் இரண்டும் பழுதாகும். ஆதலால், தகடு மேசையில் மட்டமாகப் படிந்துள்ளதா என முன்னரே நோக்குக. கழியூதா ஒளியால் உலரும் மையாயினும் முற்றாக இறுகுமுன் தகடுகளை அடுக்கலாகாது. அடுக்கும்போது இடையே தாள் வைத்தல் நன்று.

இறுதியாக, மேற்பூச்சு விளிம்பையும் துளையையும் மூடுதல் வேண்டும். வெறும் உருக்கு ஆணி உப்பீரத்தில் அலுமினியத்துடன் சேர்ந்து மின்னிரசாயன அரிப்பைத் தோற்றுவிக்கும். கறையில் உருக்கு ஆணியும் இதற்கு விலக்கன்று. ஆணிக்கும் தகட்டுக்கும் இடையே பிளாத்திக்கு வளையம் இடுதல் இதனைத் தடுக்கும்.

இவை பெருஞ்செலவு வேண்டுவன அல்ல. தொழிலாளிக்கு வேண்டிய நேரத்தை வழங்குவதே வேண்டுவது. விரைவிற் செய்த பலகை விரைவில் ஊமையாகும்.