கோணலை நேராக்கிய வரைபடம்!

குட்டீஸ்! பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒரு போஸ்டர் வரைந்து வரச் சொல்கிறார் டீச்சர். என்ன செய்வீர்கள்? எழுத்துக்கு ஏழு கலர், ஓரமெல்லாம் பூ, மூலையில் பலூன், நடுவில் மயில்... எல்லாம் வரைந்து முடித்துவிட்டுப் பார்த்தால், விழா எத்தனை மணிக்கு என்பதையே தேட வேண்டியிருக்கும்!

படம் அழகாக இருந்தால் மட்டும் போதாது. பார்ப்பவருக்கு வேண்டிய செய்தி சட்டென்று புரிய வேண்டும். அதற்கேற்ப எழுத்து, படம், வண்ணம் மூன்றையும் அடுக்கும் கலைக்குத்தான் 'கிராஃபிக் டிசைன்' என்று பெயர். இதை நமக்குக் கற்றுத்தர நல்ல வாத்தியார் ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் ஹாரி பெக்.

லண்டன் நகரில் பூமிக்கு அடியில் ரயில்கள் ஓடுகின்றன அல்லவா? 1930 வாக்கில் அந்த ரயில்களுக்கான வரைபடம், பாதை எப்படி வளைந்து போகிறதோ அப்படியே வளைத்து வரையப்பட்டிருந்தது. நகரின் நடுவே நிலையங்கள் அருகருகே இருந்ததால் பெயர்கள் ஒன்றோடொன்று நெருக்கியடித்தன. புறநகரிலோ நிலையங்கள் எங்கோ தள்ளித் தள்ளி இருந்தன. எங்கே இறங்கி எந்த ரயிலுக்கு மாறுவது என்று பயணிகள் திண்டாடினார்கள்.

ரயில் நிர்வாகத்தில் படம் வரைபவராக வேலை பார்த்தவர் பெக். 1931இல் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. 'பூமிக்கு அடியில் போகிறவருக்கு, மேலே உள்ள வளைவும் நெளிவும் எதற்கு? அடுத்த நிலையம் எது, எங்கே மாற வேண்டும் என்பது தெரிந்தால் போதுமே!'

உடனே ஒரு நோட்டுப் புத்தகத்தில் வரைந்து பார்த்தார். வளைந்த பாதைகளை எல்லாம் நேராக்கினார். படுக்கைக் கோடு, செங்குத்துக் கோடு, 45 டிகிரி சாய்வுக் கோடு ஆகியவை மட்டுமே! நிலையங்களுக்கு இடையே ஏறக்குறைய ஒரே அளவு இடைவெளி. ஒவ்வொரு பாதைக்கும் ஒரு வண்ணம். ரயில் மாறும் நிலையங்களுக்குத் தனி அடையாளம்.

நிர்வாகம் என்ன சொன்னது தெரியுமா? 'வேண்டாம்' என்றது! தூரத்தைச் சரியாகக் காட்டாத வரைபடத்தை யார் ஏற்பார்கள் என்று தயங்கியது. பெக் சோர்ந்துவிடவில்லை. அடுத்த ஆண்டு மீண்டும் கொடுத்தார். இந்த முறை, சோதனைக்காகச் சில நூறு பிரதிகள் அச்சிட்டுப் பார்த்தார்கள். பயணிகளுக்குப் பிடித்துப்போனது! 1933 ஜனவரியில் 7 லட்சம் பிரதிகள் அச்சாயின. இன்று உலகின் பல நகரங்களில் மெட்ரோ ரயில் வரைபடங்கள் இந்த முறையில்தான் வரையப்படுகின்றன.

சரி, பெக்கிடம் கற்றதை நம் போஸ்டரில் செய்து பார்க்கலாமா?

* முதலில், 'இதைப் பார்ப்பவருக்கு என்ன தெரிய வேண்டும்?' என்று கேளுங்கள். என்ன விழா, எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம் - இந்த நான்கும்தான் முக்கியம்.

* மிக முக்கியமானதைப் பெரிதாக எழுதுங்கள். எல்லாமே பெரிதாக இருந்தால் எதுவுமே பெரிதாகத் தெரியாது!

* இரண்டு அல்லது மூன்று வண்ணங்கள் போதும். வெள்ளைத் தாளில் மஞ்சள் எழுத்து எடுபடாது. கறுப்பு, கருநீலம் பளிச்செனத் தெரியும்.

* பென்சிலால் மெல்லிய கோடு போட்டு, வரிகளை அதில் தொடங்குங்கள். தாறுமாறாக எழுதினால் கண் அலைபாயும்.

* காலி இடத்தைக் கண்டு பயப்படாதீர்கள். நான்கு பக்கமும் இடம் விட்டால்தான் எழுத்துக்கு மூச்சு விட முடியும்.

முடித்ததும் ஒரு சோதனை. விழாவைப் பற்றித் தெரியாத ஒருவரிடம் போஸ்டரை 5 விநாடி காட்டி மறைத்துவிடுங்கள். என்ன விழா, எப்போது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியவில்லை என்றால், அவர்மேல் கோபப்படக் கூடாது. போஸ்டரைத்தான் மாற்ற வேண்டும்!

அதற்காக எல்லாவற்றையும் நீக்கிவிடவும் கூடாது. லண்டன் வரைபடத்தில் பெக் விட்டுவைத்த ஒரே இயற்கை அடையாளம் தேம்ஸ் நதி. 2009இல் அதையும் எடுத்துவிட்டார்கள். 'எங்கள் நதி எங்கே?' என்று மக்கள் கொதித்துவிட்டார்கள். நதி அக்கரையா, இக்கரையா என்பதை வைத்துத்தானே அவர்கள் ஊரையே அறிந்து வைத்திருக்கிறார்கள்! சில மாதங்களிலேயே நதி திரும்பி வந்துவிட்டது.

எதை நீக்குவது, எதை விட்டுவைப்பது? பூவும் மயிலும் இடம் கேட்டால், கொஞ்சம் யோசித்துவிட்டுப் பென்சிலைக் கையில் எடுங்கள், குட்டீஸ்!