மூங்கில் காட்டுப் பூஞ்சை

எங்கள் மாடியில் குடியிருந்த மணிப்பூர்ப் பையனுக்கு டி.பி. என்று சொல்லி நான்கு மாதம் மருந்து கொடுத்தார்கள். காய்ச்சல் விடவில்லை. முகத்தில் நடுவே குழி விழுந்த சிறு பருக்கள் வேறு. வேறொரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "சொந்த ஊர் எது?"

பருவிலிருந்து துணுக்கு எடுத்துச் சோதித்ததில் அகப்பட்டது டாலரோமைசஸ் மார்னெஃபி என்ற பூஞ்சைக் காளான். (பூஞ்சை என்றால் நான் அறிந்தது ஊறுகாய் ஜாடிதான்!)

1956-ல் வியட்நாமில் ஒரு மூங்கில் எலியிடம் முதலில் இதைக் கண்டார்கள். 1959-ல் இதை ஆராய்ந்த பிரெஞ்சு விஞ்ஞானி செக்ரெடைன், கைதவறித் தம் விரலிலேயே ஊசியைக் குத்திக்கொண்டு முதல் மனித நோயாளியானார், பிழைத்தும் கொண்டார். அபூர்வமாயிருந்த நோய், 1980-களின் இறுதியில் எய்ட்ஸ் பரவியதும் தாய்லாந்து, தென்சீனம் என்று பெருகியது. 1999-ல் மணிப்பூரிலும் கண்டறிந்தார்கள். அங்கும் மூங்கில் எலி உண்டு.

எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களையே பெரும்பாலும் பிடிக்கிறது. காற்றில் வரும் வித்துக்களைச் சுவாசிப்பதால் வருவதாகக் கருதுகிறார்கள். ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. இது தெரியாமல் அவனுக்குத் தனி டம்ளர் வைத்திருந்தேன், வெட்கமாயிருக்கிறது.

உடம்பில் பல்லாண்டு உறங்கிக் கிடந்தும் தலைதூக்குமாம். வடகிழக்கில் பணியாற்றி மாற்றலாகி வந்த அன்பர்கள், விடாத காய்ச்சல் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். டி.பி. மருந்துக்கு இது மசியாது. பையனுக்கு முதலில் ஆம்போடெரிசின் ஊசி. பிறகு மாதக்கணக்கில் இட்ரகோனசோல். இப்போது மாடிப்படியைத் தானாகவே ஏறுகிறான்.