'எளிது' என்றால் யாருக்கு எளிது?

நிரலாக்கம் கற்கத் தொடங்கும் நம் மாணவர்கள் பலர், புதியவர்களுக்கென்று கொடுக்கப்படும் கணிதப் புதிர்களிலேயே நின்றுவிடுகின்றனர். 'எளிது' என்று குறித்ததே வரவில்லையே, இத்துறை நமக்கு ஒத்துவராது என்று ஒதுங்குவோரும் உண்டு. அந்தக் குறிப்பு எப்படி இடப்படுகிறது என்று முதலில் பார்ப்போம்.

2010-இல் ரஷ்யாவில் தொடங்கப்பட்ட கோட்ஃபோர்சஸ் தளத்தில் ஒவ்வொரு புதிருக்கும் ஒரு புள்ளி உண்டு. 800தான் மிகக் குறைவு. ஒரு புதிருக்கு 1000 புள்ளி என்றால், 1000 தரப்புள்ளி வைத்திருக்கும் போட்டியாளர் அதைத் தீர்க்கும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதி என்று பொருள். அதாவது, போட்டிக்கு வந்து பழகியவர்களை வைத்தே அளக்கிறார்கள். போட்டிப் பக்கமே போகாத முதலாண்டு மாணவர் அந்த அளவையில் இல்லை.

அத்தளத்தின் முதல் புதிரான 'தியேட்டர் ஸ்குவேர்' 1000 புள்ளி பெற்றது. ஒரு சதுக்கத்தைச் சதுரக் கற்களால் மூட வேண்டும். கல்லை உடைக்கக் கூடாது. 6-க்கு 6 மீட்டர் தரை, 4 மீட்டர் கல் என்றால் நான்கு கற்கள். நீளத்தையும் அகலத்தையும் தனித்தனியே வகுத்து, மீதி இருந்தால் ஒன்று கூட்டி, இரண்டையும் பெருக்கினால் விடை. தமிழ்ப்பள்ளிக் கணக்குதான். ஆனால், அளவுகள் 1 பில்லியன் வரை போகலாம். அப்போது விடை, 1-க்குப் பின் 18 சுழியங்கள் வரை நீளும். சி பிளஸ் பிளஸ் மொழியின் வழக்கமான முழு எண் வகையோ 2.1 பில்லியன் சொச்சத்துக்கு மேல் தாங்காது. இங்கே தடுமாறுபவருக்குக் கணிதம் தெரியாது என்று சொல்ல முடியுமா? பைத்தான் மொழியில் இந்தச் சிக்கலே எழாது.

2001-இல் தொடங்கிய புரோஜெக்ட் ஆய்லர் இதற்கு நேர்மாறு. அதன் முதல் கேள்வி, 1000-க்குக் கீழ் 3 அல்லது 5-ஆல் வகுபடும் எண்களின் கூட்டுத்தொகை. இரண்டு வரிசையையும் தனித்தனியே கூட்டினால் 15, 30 போன்றவை இருமுறை சேர்ந்து 266333 வரும். சரியான விடை 233168. கரங்கான் பக்கம் பால்மரம் வெட்டிய பெரியவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு நிரையை இரண்டு நாளுக்கு ஒருமுறையும் மற்றொன்றை மூன்று நாளுக்கு ஒருமுறையும் வெட்டினால், ஆறாம் நாள் இரண்டும் ஒன்றாக வந்து நிற்கும் என்பதைக் காகிதமின்றியே சொல்வார்கள்.

மூன்றாம் கேள்வி 600851475143 என்னும் எண்ணின் மிகப் பெரிய பகாக் காரணியைக் கேட்கிறது. தமிழ்ப்பள்ளியில் 'பகா எண்', இடைநிலைப்பள்ளியில் 'நொம்போர் பெர்டானா', இங்கே 'பிரைம்'. மூன்றும் ஒன்றுதான் என்று பிடிபடுவதற்குள் பாதி நேரம் போய்விடும். இச்சுமையை எந்தப் புள்ளியும் கணக்கில் எடுப்பதில்லை. வழி தெரியாமல் ஒவ்வோர் எண்ணாகச் சோதித்தால் கணினி நெடுநேரம் ஓடும். கிடைத்த காரணியால் வகுத்து எண்ணைச் சுருக்கிக்கொண்டே போனால் 6857-இல் முடிந்துவிடும்.

எனவே, புள்ளியைப் பார்ப்பதற்கு முன் கணினியை மூடிவிட்டு, அதே கேள்வியைச் சிறிய எண்ணுக்குக் காகிதத்தில் செய்து பார்க்கலாம். 13195-ஐப் பிரித்தால் 5, 7, 13, 29. இது வந்துவிட்டால் மிச்சம் பத்து வரி நிரல்தான். வராவிட்டால் படிவம் ஒன்று கணித நூலில் காரணிகள் பாடத்தை எடுத்து, ஒரு மாலைப் பொழுதை அதற்குக் கொடுங்கள்.