மரவில்லில் துளை போடும் முன் மரையைப் பாருங்கள்

ஜுரு - பிறை, புக்கிட் மிஞ்ஞாக் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்கள் எட்டு மில்லி போல்ட்டைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவார்கள். மரவில்லில் எடையோ குறிகாட்டியோ மாட்டும்போது அந்தக் கண்பழக்கமே காலை வாரிவிடலாம்.

துணைக்கருவியின் திருகாணியை நேரடியாக மரத்தில் முடுக்கினால், கழற்றி மாட்டக் கழற்றி மாட்டப் பிடி தளர்ந்துவிடும். அதனால் உள்ளே மரை வெட்டிய பித்தளைக் குழலை வில்லின் கைப்பிடியில் பதிக்கிறார்கள். இந்தத் துணைக்கருவிகள் அமெரிக்க வழக்கத்தில் வளர்ந்தவை. வில்லின் ஆட்டத்தைக் குறைக்கும் நிலைப்படுத்தியை 1961-இல் கொண்டுவந்தவர் ஏர்ல் ஹாய்ட் என்ற அமெரிக்கர். ஆகவே அளவுகள் இன்றும் அங்குலத்தில்தான் உள்ளன.

நிலைப்படுத்திக்கும் எடைக்கும் உரிய மரை 5/16 அங்குலம். ஒரு அங்குலத்துக்கு 24 சுற்று. மில்லிமீட்டரில் 7.94. ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் எம்8 போல்ட் 8 மில்லிமீட்டர். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் எம்8-இல் மரைக்கு மரை இடைவெளி 1.25 மில்லிமீட்டர், வில்லுக்குரியதில் ஏறக்குறைய 1.06. கொஞ்சம் உள்ளே போவதுபோல் போய் இறுகிக்கொள்ளும். ஸ்பேனர் போட்டு முடுக்கினால் இரண்டு மரையும் பாழ். தளபாடத்துக்கு விற்கும் எம்8 குழலைப் பசை போட்டுப் பதித்துவிட்டால், மரத்தைக் குடைந்துதான் எடுக்க வேண்டும். குழலை வாங்கும்போதே துணைக்கருவியின் திருகாணியைக் கையோடு கொண்டுபோய், விரலாலேயே கடைசிவரை திருகிப் பார்ப்பது நல்லது.

மரையைவிடப் பெரிய கேள்வி, துளை எங்கே என்பதுதான். நாணை இழுக்கும்போது இலக்கைப் பார்க்கும் பக்கம் விரிந்து இழுபடும்; வில்லாளியைப் பார்க்கும் பக்கம் நசுங்கும். வளையும் பகுதியில் துளை போட்டால் அந்த இழுவிசை முழுவதும் துளையின் ஓரத்தில் குவியும். 40 பவுண்டு வில் என்றால் சுமார் 18 கிலோ விசை; முறிவது முகத்துக்குப் பக்கத்தில். நடுப்பகுதியும் சேர்ந்து வளையும் ஒற்றை மர வில், மூங்கில் வில் ஆகியவற்றில் துளையே கூடாது. (இந்தியாவின் தீபிகா குமாரி பழகத் தொடங்கியதே மூங்கில் வில்லில்தான்.) தடித்த, வளையாத கைப்பிடி உள்ள வில்லுக்கு மட்டுமே இந்த வேலை. அதிலும் அம்பு உட்காரும் இடத்துக்கு மேலே மரம் மெலிந்திருக்கும். எடைக்கான துளை அங்கே அல்ல, பிடிக்குக் கீழே, இலக்கைப் பார்க்கும் பக்கத்தில் வர வேண்டும்.

கை டிரில் சாய்ந்துவிடும். நிற்கும் டிரில் இயந்திரம் வேண்டும். குழலின் வெளிமரையை விட்டுவிட்டு நடு உடம்பை வெர்னியரால் அளந்து, அதற்கேற்ற டிரில் பிட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். துளை சிறிதானால் குழல் ஆப்புபோல் மரத்தைப் பிளக்கும். ஆழத்துக்கு பிட்டிலேயே டேப் சுற்றிக்கொள்ளலாம். முதலில் அதே வகை மரத்துண்டில் ஒரு துளை போட்டுப் பார்ப்பது வீண் வேலை அல்ல. எபோக்சி பசையைத் துளைச் சுவரிலும் தடவினால், நம் ஊர் ஈரக்காற்று வெட்டுப்பட்ட மரத்துக்குள் இறங்காது. குழலுக்குள் மெழுகு பூசிய திருகாணி இருந்தால் உள்மரையில் பசை ஒட்டாது. ஒருநாள் முழுக்கக் காயவிட்டு, நாணைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பார்க்க வேண்டும். 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டாலும் நிறுத்திவிட வேண்டும்.

போட்டிக்குப் போகிறவர்கள் விதியையும் பார்த்துக்கொள்ளலாம். உலக வில்வித்தைக் கூட்டமைப்பின் பேர்போ பிரிவில் குறிகாட்டி கிடையாது. எடை உண்டு, ஆனால் நாண் கழற்றிய வில், எடையோடு சேர்ந்து 12.2 சென்டிமீட்டர் வளையத்துக்குள் நுழைய வேண்டும். லாங்போ பிரிவில் குறிகாட்டிக்கும் நிலைப்படுத்திக்கும் இடமில்லை. அந்த வில்லை வைத்திருப்பவர் டிரிலைத் தேட வேண்டியதே இல்லை.