தீவுகளைக் காக்கும் பவளச் சுவர்

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். நீளமான தட்டு ஒன்றில் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையில் ஈர மணலைக் குவித்துக் கரை அமையுங்கள். மறுமுனையில் அளவுகோலால் நீரைத் தள்ளித் தள்ளி அலை எழுப்புங்கள். சிறிது நேரத்தில் மணற்கரை கரைந்து சரியும். மணலைச் சீர்செய்து, அதற்கு முன்னால் நீர்மட்டத்தை எட்டும் அளவுக்குக் கூழாங்கற்களை வரிசையாக அடுக்கி, மறுபடியும் அலை எழுப்புங்கள். இம்முறை கரை வெகுநேரம் நிற்கும்.

இதே சோதனை நம் தமிழகக் கடலில் பெரிய அளவில் நடந்திருக்கிறது. அங்கே கற்களை யாரும் அடுக்கவில்லை. இருந்த கற்களைப் பெயர்த்து எடுத்தார்கள். விளைவு, இரண்டு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன.

மன்னார் வளைகுடா

இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே, கரையை ஒட்டி 21 சிறு தீவுகள் வரிசையாக அமைந்திருந்தன. இவற்றைச் சூழ்ந்து பவளத் திட்டுகள் உள்ளன. 560 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இப்பகுதி 1986ஆம் ஆண்டில் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

சுவரைக் கட்டுவது யார்?

பவளம் செடியன்று, கல்லுமன்று. சொறிமீனின் உறவான ஒரு சிற்றுயிர் அது. கடல்நீரில் கரைந்துள்ள பொருள்களைக் கொண்டு கால்சியம் கார்பனேட்டால், அதாவது சுண்ணாம்புக் கல்லால், தனக்கு வீடு கட்டிக்கொள்கிறது. அதன் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளிச்சேர்க்கையால் உணவு தயாரித்து, பெரும்பகுதியைப் பவளத்துக்கே அளிக்கின்றன. ஆகவேதான் வெயில் புகும் தெளிந்த, ஆழமற்ற நீரில் பவளத் திட்டுகள் வளர்கின்றன.

உருண்டையான பவளப் பாறை ஆண்டுக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் உயரும். ஒரு மீட்டர் உயரம் வளர எத்தனை ஆண்டு ஆகும்? நீங்களே கணக்கிடுங்கள். அதைப் பெயர்க்கக் கடப்பாறைக்குச் சில நிமிடங்கள் போதும்!

அலையின் ஆற்றல்

நீரின் ஆழம் குறைந்து ஏறக்குறைய அலையின் உயரத்தை நெருங்கும்போது அலை உடைகிறது. பவளத் திட்டின் மேல் நிகழ்வது இதுதான். அலையின் ஆற்றல் அதன் உயரத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். உயரம் பாதியானால் ஆற்றல் கால் பங்காகிவிடும். உலகின் பல திட்டுகளில் எடுத்த அளவீடுகளைத் தொகுத்தபோது, அலையாற்றலில் சராசரியாக 97 சதவிகிதத்தைத் திட்டே உறிஞ்சிவிடுவது தெரியவந்தது.

சுவரின் இந்தப் பக்கம் அமைதியான நீர். அங்கே கடற்புல் வளர்கிறது. அதை மேயக் கடற்பசு வருகிறது. திட்டின் இடுக்குகளில் மீன்குஞ்சுகள் ஒளிந்து வளர்கின்றன. கடற்பரப்பில் ஒரு சதவிகிதம்கூட இல்லாத பவளத் திட்டுகளை, கடல் உயிரினங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சார்ந்திருக்கிறது. கரையோர மீனவரின் வலையில் விழும் மீனுக்கும் இச்சுவருக்கும் தொடர்பு உண்டு.

சுவர் இடிந்த கதை

பல ஆண்டுகளாகச் சுண்ணாம்புக்காகவும் தொழிற்சாலைகளுக்காகவும் இப்பவளப் பாறைகள் வெட்டப்பட்டன. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரு தீவுகள் மூழ்கியதற்கு இதுவே முக்கியக் காரணம். 2001இல் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றன. அதன்பின் சில ஆண்டுகளில் பாறை வெட்டுவதும் நின்றது. தேய்ந்து சிறுத்துப்போன வான் தீவைக் காக்க, 2015 முதல் அதன் முன்னே துளைகளுள்ள கான்கிரீட் கட்டிகள் கடலில் இறக்கப்பட்டன. தட்டில் நாம் கூழாங்கல் அடுக்கியது போலத்தான்!

வேலி போட முடியாத பகை

கடப்பாறையைச் சட்டம் தடுக்கும். வெப்பத்தை? கடல்நீர் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒன்றிரண்டு டிகிரி கூடி, சில வாரங்கள் நீடித்தால் போதும். பவளம் தன் பாசிகளை வெளியேற்றிவிட்டு வெளிறுகிறது. வெப்பம் விரைவில் தணிந்தால் பிழைக்கும். தணியாவிட்டால் பட்டினியால் மடியும். 2016இல் ஏற்பட்ட வெளிறலில், இங்கே சுமார் 39 சதவிகிதமாக இருந்த உயிர்ப்பவளப் பரப்பு 23 சதவிகிதமாகக் குறைந்தது.

பவளம் மடிந்தாலும் கல் உடனே மறையாது. ஆனால் அலை அதை அரித்துக்கொண்டே இருக்கும்; பழுது பார்க்கக் கொத்தனார் இருக்கமாட்டார். மன்னார் வளைகுடாவில் நாம் காக்க வேண்டியது கல்லை மட்டுமன்று, அதைக் கட்டும் அந்தச் சிறு கொத்தனாரையுந்தான்.