ஒரே ஆல்டர்னேட்டர், பல வோல்ட்

காரின் ஆல்டர்னேட்டர் 12 வோல்ட் பேட்டரிக்காகச் செய்யப்பட்டாலும், அதன் ஸ்டேட்டர் சுருள்களால் அதைவிடக் கூடுதல் மின்னழுத்தம் தர முடியும். சுழலும் வேகமும் ரோட்டர் சுருளில் பாயும் மின்னோட்டமும் கூடினால் மின்னழுத்தமும் கூடும். அதைச் சுமார் 14 வோல்ட்டில் பிடித்து நிறுத்துவது ரெகுலேட்டர்தான்.

கூடுதல் மின்னழுத்தம் பெற, உள்ளே இருக்கும் அந்த ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு, ரோட்டருக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் கார்பன் பிரஷ்களிலிருந்து இரண்டு ஒயர்களை எடுத்து வெளி ரெகுலேட்டரில் இணைக்க வேண்டும். ரோட்டருக்குத் தனி 12 வோல்ட் பேட்டரி மின்சாரம் தரும். வெளி ரெகுலேட்டரைச் சுமார் 28 வோல்ட்டில் வைத்தால் 24 வோல்ட் பேட்டரி வரிசையும், சுமார் 56 வோல்ட்டில் வைத்தால் 48 வோல்ட் ஈய-அமில வரிசையும் சார்ஜ் ஆகும். வோல்ட் கூடக் கூட வேகமும் அதிகம் வேண்டும். ஆல்டர்னேட்டரில் உயர் மின்னழுத்தத்தைத் தாங்காத டயோடுகளையும் மாற்ற வேண்டும்.

ஓடும்போது பேட்டரி இணைப்பைக் கழற்றினால், திடீரென எழும் மின்னழுத்தம் டயோடுகளைக் கருக்கிவிடும். மாற்றிய ஆல்டர்னேட்டரைக் காரின் 12 வோல்ட் மின்சுற்றோடு இணைக்கவே கூடாது.