ஓய்வு பெற்ற தாத்தா ஏன் சும்மா இருப்பதில்லை?

மாணவர்களே, உங்கள் தாமானில் பணி ஓய்வு பெற்ற ஒருவரின் ஒரு நாளைக் கவனித்துப் பாருங்கள். விடியும் முன்பே எழுந்துவிடுவார். காலணி மாட்டிக்கொண்டு நடக்கப் போவார். திரும்பி வந்ததும் பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவார். மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, நாளிதழை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பார். பிறகு நண்பர்களோடு கடையில் ஒரு தே தாரிக். மதியம் ஒரு குட்டித் தூக்கம். மாலையில் வானொலியில் பழைய பாடல். ‘வேலைதான் இல்லையே, பேசாமல் படுத்திருக்கலாமே’ என்று நமக்குத் தோன்றும்.

அண்மையில் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: “சார், வேலையை விட்டால் உடம்பு சீக்கிரம் தளர்ந்துவிடும் என்று பாட்டி சொல்கிறார். உண்மையா?”

பணி ஓய்வு ஒரு நோய் அல்ல. ஆனால், வேலை நமக்குச் சம்பளத்தோடு வேறு நான்கு பொருள்களையும் கேட்காமலேயே தருகிறது. எழுந்திருக்க ஒரு நேரம், நடக்க ஒரு காரணம், யோசிக்க ஒரு சிக்கல், பேச நாலு பேர். மலேசியாவில் 2013 ஜூலை 1 முதல் தனியார் துறையின் குறைந்தபட்சப் பணி ஓய்வு வயது 60. அந்தக் கடைசி வேலை நாளோடு இந்த நான்கும் ஒன்றாக நின்றுவிடுகின்றன. சம்பளத்துக்குப் பதிலாக ஊழியர் சேமநிதியோ ஓய்வூதியமோ இருக்கும். மற்ற நான்குக்கும் சேமநிதி கிடையாது. அவற்றை அவரவரே தேடிக்கொள்ள வேண்டும். தாத்தாவின் அந்தச் சின்னச் சின்ன இன்பங்கள் அதைத்தான் செய்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

விடியற்காலைக் கடிகாரம்

நம் மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு கொத்து இருக்கிறது. அதுதான் உடலின் தலைமைக் கடிகாரம். தூக்கம், உடல் வெப்பம், சுரப்பிகளின் வேலை எல்லாவற்றுக்கும் அதுவே நேரம் குறிக்கிறது. இந்தக் கடிகாரத்தின் ஒரு சுற்று சரியாக 24 மணி நேரம் அல்ல. பெரும்பாலோருக்கு அது சில நிமிடங்கள் கூடுதல். அதனால் ஒவ்வொரு நாளும் அதைத் திருத்தி வைக்க வேண்டும். திருத்தும் கருவி சூரிய ஒளி.

பதின்ம வயதில் இந்தக் கடிகாரம் பின்தங்கி ஓடும். இரவு பதினொரு மணிக்கும் உங்களுக்குத் தூக்கம் வராததற்குத் திறன்பேசி மட்டும் காரணம் அல்ல. தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் உங்கள் உடலில் தாமதமாகவே சுரக்கத் தொடங்குகிறது. முதுமையில் இது தலைகீழாகி, கடிகாரம் முந்தி ஓடுகிறது. தாத்தா எட்டரை மணிக்குக் கொட்டாவி விடுவதும் ஐந்து மணிக்கு விழித்துக்கொள்வதும் அதனால்தான். ஒரே வீட்டில் இரண்டு கடிகாரங்கள்! உங்களைச் சோம்பேறி என்று அவர் சொல்வதும் சரியல்ல. அவரைத் தூங்கவிடாத மனிதர் என்று நீங்கள் சொல்வதும் சரியல்ல.

இன்னொரு சிக்கலும் உண்டு. வயதாக ஆகக் கண்ணின் வில்லை மஞ்சள் நிறம் கொள்கிறது. கடிகாரத்தைத் திருத்த மிகவும் உதவுவது நீல ஒளி. அந்த ஒளியைத்தான் மஞ்சள் வில்லை தடுக்கிறது. எனவே முதியவருக்கு வீட்டு விளக்கின் வெளிச்சம் போதாது. வானம் மேகமூட்டமாக இருந்தாலும் காலையில் வெளியே கிடைக்கும் ஒளி, வீட்டுக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். காலை நடை கால்களுக்கு மட்டுமன்றிக் கடிகாரத்துக்கும் மருந்தாவது இப்படித்தான்.

மதியத் தூக்கமும் இந்தக் கடிகாரத்தின் வேலையே. பிற்பகலில் விழிப்புநிலை இயல்பாகவே சற்று இறங்கும். சோறு சாப்பிடாவிட்டாலும் இறங்கும். 20 நிமிடத் தூக்கம் தெளிவைத் தரும். ஒரு மணி நேரம் தூங்கினால் ஆழ்ந்த உறக்கத்தின் நடுவே எழ நேர்ந்து, தலை கனக்கும். இரவுத் தூக்கமும் கெடும்.

பேருந்து சொன்ன பாடம்

உடற்பயிற்சி இதயத்துக்கு நல்லது என்பது இன்று எல்லாருக்கும் தெரியும். ஆனால், அதற்கு முதல் வலுவான சான்று எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? லண்டனின் மாடிப் பேருந்துகளிலிருந்து!

ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1953-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே பேருந்தில் இருவர் வேலை செய்கிறார்கள். ஓட்டுநர் நாள் முழுதும் உட்கார்ந்திருக்கிறார். நடத்துநர் நாள் முழுதும் மாடிப்படி ஏறி இறங்குகிறார். நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாகவே வந்தது. வந்தாலும் கடுமை குறைவாக இருந்தது.

இங்கே ஒரு நல்ல அறிவியல் மாணவர் கையை உயர்த்த வேண்டும். “நோயின் காரணம் உட்கார்ந்திருப்பதுதானா? அல்லது, முன்பே பருமனாக இருந்தவர்கள் ஓட்டுநர் வேலையைத் தேர்ந்தெடுத்தார்களா?” மோரிஸுக்கும் இதே ஐயம் வந்தது. அவர் சீருடைகளின் அளவுப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார். எந்த வயதுப் பிரிவிலும் ஓட்டுநர்களின் கால்சட்டை இடுப்பளவு பெரிதாகவே இருந்தது. ஆகவே வேறுபாட்டின் ஒரு பகுதி முன்பே இருந்திருக்கலாம். தம் முடிவுக்கு எதிராகப் போகக்கூடிய இந்தத் தகவலையும் அவர் 1956-இல் வெளியிட்டார். பேருந்துகளை மட்டும் நம்பி அவர் இருக்கவும் இல்லை. நடந்து கடிதம் கொடுக்கும் அஞ்சல்காரர்களை, மேசையில் வேலை செய்யும் அரசு ஊழியர்களோடு ஒப்பிட்டார். அங்கேயும் அதே போக்கு தெரிந்தது. பிற்காலத்தில் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் அவருடைய கருதுகோளை உறுதி செய்தன. முதுமையிலும் உடற்பயிற்சியை விடாத மோரிஸ், 2009-இல் தமது 99-ஆம் வயதில் மறைந்தார்.

அப்படியானால் தாத்தா எத்தனை அடி நடக்க வேண்டும்? ‘ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி’ என்பார்கள். அந்த எண் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது அல்ல. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது. ‘மான்போ கேய்’ என்றால் பத்தாயிரம் அடி அளவி என்று பொருள். 2019-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, சராசரி வயது 72 உள்ள 16,741 பெண்களைக் கவனித்தது. நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட, சுமார் 4,400 அடி நடந்தவர்களின் இறப்பு விகிதம் 41 விழுக்காடு குறைவு. சுமார் 7,500 அடிக்குப் பிறகு கூடுதல் பயன் தெரியவில்லை. பத்தாயிரத்தை எட்ட முடியாத பாட்டிக்கு இது நல்ல செய்தி.

பூந்தொட்டியும் உடற்பயிற்சிக் கூடமே

30 வயதுக்குப் பிறகு நம் தசைகள் மெல்ல மெல்லக் குறையத் தொடங்குகின்றன. பயன்படுத்தாத தசை இன்னும் வேகமாகக் கரையும். நாற்காலியிலிருந்து எழத் தொடைத் தசை தேவை. தடுக்கி விழாமல் இருக்கச் சமநிலை தேவை. உலகச் சுகாதார நிறுவனம் 65 வயதைக் கடந்தவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பையும், வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைக்கும் வலுவுக்குமான பயிற்சியையும் பரிந்துரைக்கிறது.

இப்போது பாட்டி கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதைப் பாருங்கள். ஐந்து லிட்டர் வாளியைத் தூக்கினால் அது ஐந்து கிலோ எடை. குனிந்து களை பறித்து நிமிர்வது தொடைக்கும் முதுகுக்கும் பயிற்சி. தொட்டிகளுக்கு இடையே கால் மாற்றி வைப்பது சமநிலைப் பயிற்சி. கட்டணம் இல்லாத உடற்பயிற்சிக் கூடம்! அதோடு, ஈர மண்ணின் மணம் வேறு. மண்ணில் வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள் ஜியோஸ்மின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கின்றன. மனித மூக்கு அதை மிக மிகச் சிறிய அளவிலேயே கண்டுபிடித்துவிடும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். தொட்டியின் அடித்தட்டில் தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். வாரம் ஒருமுறை அதைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுவதை நீங்கள் ஏற்றுக்கொள்ளலாமே.

நாளிதழும் டாம் பலகையும்

மூன்றாவது இழப்பு, யோசிக்க ஒரு சிக்கல். நாளிதழ், குறுக்கெழுத்து, டாம், கேரம் எல்லாம் இந்த இடத்தை நிரப்புகின்றன. நியூயார்க்கின் பிராங்ஸ் வட்டாரத்தில் 75 வயதைக் கடந்த 469 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2003-இல் வெளியானது. படித்தல், பலகை விளையாட்டு, இசைக்கருவி வாசித்தல், நடனம் ஆகியவற்றில் ஈடுபட்டவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு குறைவாக இருந்தது.

மீண்டும் கையை உயர்த்துங்கள். டாம் விளையாடியதால் மூளை நன்றாக இருந்ததா? மூளை நன்றாக இருந்ததால் டாம் விளையாட முடிந்ததா? மறதி நோய் வெளிப்படையாகத் தெரிவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே மூளையில் தொடங்கிவிடுகிறது. அந்த மெல்லிய தொடக்கத்தாலேயே ஒருவர் விளையாட்டை நிறுத்தியிருக்கலாம். ஆய்வாளர்கள் தொடக்கத்தில் இருந்த நினைவாற்றலைக் கணக்கில் எடுத்துக்கொண்டே ஒப்பிட்டார்கள். ஆனாலும் இவ்வகை ஆய்வு தொடர்பைத்தான் காட்டும், காரணத்தை முழுமையாக நிறுவாது. ‘குறுக்கெழுத்து மறதியைத் தடுக்கும்’ என்று விளம்பரம் வந்தால், அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். தாத்தா இன்று அந்தக் கட்டத்தை நிரப்பி மகிழ்கிறார் என்பது மட்டும் உறுதி. அவருக்குத் திடீரென்று பிடித்த விளையாட்டில் ஆர்வம் குறைந்தால், ‘வயசாகிவிட்டது’ என்று ஒதுக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லப் பெற்றோரிடம் சொல்லுங்கள்.

தே தாரிக் மேசை

தே தாரிக்கை உயரத்திலிருந்து ஊற்றும்போது தேநீர் மெல்லிய இழையாக நீள்கிறது. காற்று படும் பரப்பு கூடுவதால் விரைவில் ஆறுகிறது. பாலின் புரதங்கள் காற்றுக் குமிழிகளைப் போர்த்திப் பிடித்துக்கொள்வதால் நுரை நிற்கிறது. இது வேதியியலும் இயற்பியலும் கலந்த கோப்பை. 2023-இன் தேசியச் சுகாதார ஆய்வின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் சுமார் ஆறில் ஒருவருக்கு நீரிழிவு. அதனால் பல தாத்தாக்கள் ‘தே ஓ கோசோங்’ என்று சொல்லிவிட்டு, நண்பரின் கோப்பை நுரையை ஏக்கத்தோடு பார்ப்பதும் உண்டு!

ஆனால், அந்த மேசையின் உண்மையான மருந்து கோப்பையில் இல்லை, சுற்றியிருக்கும் நாற்காலிகளில் இருக்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1938-இல் தொடங்கிய ஓர் ஆய்வு, 700-க்கும் மேற்பட்ட ஆண்களை இளமையிலிருந்து முதுமை வரை தொடர்ந்தது. ஐம்பது வயதில் மனநிறைவான உறவுகள் கொண்டிருந்தவர்களே எண்பது வயதில் பெரும்பாலும் நலமாக இருந்தார்கள். இந்த வகையில் இரத்தக் கொழுப்பின் அளவைவிட உறவுகளே நல்ல முன்னறிவிப்பாக அமைந்தன.

உங்கள் பங்கு என்ன?

இதெல்லாம் முதியவர்களின் கதை என்று பக்கத்தைத் திருப்ப வேண்டாம். உங்கள் எலும்பின் அடர்த்தியில் சுமார் 90 விழுக்காடு 20 வயதுக்குள் சேர்ந்துவிடும். அறுபதில் நீங்கள் செலவழிக்கப்போகும் எலும்பை இப்போதுதான் சேமிக்கிறீர்கள். நினைவும் அப்படியே. முதியவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால், பெரும்பாலானவை 10 முதல் 30 வயதுக்குள் நடந்தவையாக இருக்கும். மின்னல் பண்பலையில் பழைய பாடல் ஒலிக்கும்போது தாத்தாவின் முகம் மலர்வதற்கு அதுவும் ஒரு காரணம். நீங்கள் இன்று கேட்கும் பாடல்தான் உங்கள் முதுமையின் பழைய பாடல்.

செய்து பாருங்கள்

தேவை: ஓர் அளவுகோல், இந்த நாளிதழ், வெவ்வேறு வயதுள்ள ஐந்து பேர்.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சிறிய எழுத்துகளை மெல்லக் கண்ணருகே கொண்டு வரச் சொல்லுங்கள். எழுத்து மங்கத் தொடங்கும் தூரத்தைச் சென்டிமீட்டரில் அளந்து குறியுங்கள். படிப்பதற்கான கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும். தூரப்பார்வைக்கான கண்ணாடியைக் கழற்ற வேண்டாம். உங்களுக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் கிடைக்கலாம். நாற்பதைக் கடந்தவர்களுக்கு 20-க்கும் மேல் போகும். தாத்தாவுக்குக் கையை முழுதாக நீட்டினாலும் போதாமல் இருக்கலாம். வயது கூடக் கூடக் கண்ணின் வில்லை விறைத்துப்போய், அருகில் உள்ளதைப் பார்க்கத் தேவையான அளவு குவிய முடியாமல் போவதே காரணம். வயதைக் கிடை அச்சிலும் தூரத்தைச் செங்குத்து அச்சிலும் வைத்து வரைபடம் வரையுங்கள். கோடு எந்த வயதில் செங்குத்தாக ஏறுகிறது என்று பாருங்கள்.

தாத்தாவையும் பாட்டியையும் அளந்து முடிக்க அரை மணி நேரமாவது ஆகும். அளக்கும்போது அவர்கள் முதல் கண்ணாடி வாங்கிய கதையைத் தொடங்குவார்கள். குறுக்கிடாமல் கேளுங்கள். நான்கு இழப்புகளில் இரண்டை அந்த அரை மணி நேரம் ஈடு செய்துவிடும்.